ஊரைக் காலி பண்ண எத்தனை நிமிஷம் ஆகும்? ஒரு கவுன்ட்டி பிளானுக்குள்ள இருக்குற கணக்கு

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை காலைல ஆறரை மணி வாக்குல, வட கலிஃபோர்னியால பியூட் கவுன்ட்டி மலைப்பகுதில புல்காங்குற குட்டி ஊர் பக்கத்துல, ஒரு ஹை டென்ஷன் டவர்ல கம்பியைத் தாங்கிட்டு இருந்த இரும்புக் கொக்கி அறுந்துச்சு. கையில பிடிக்கிற அளவு கொக்கி தான். கிட்டத்தட்ட 100 வருஷமா காத்துல ஆடி ஆடி, அது மாட்டியிருந்த ஓட்டையோட விளிம்புல உரசி, கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு கடைசில ஒரு நூல் அளவு இரும்பு தான் மிச்சம் இருந்துச்சு, அன்னைக்கு அடிச்ச காத்துல அதுவும் போச்சு. கம்பி டவர்ல பட்டு தீப்பொறி பறந்து கீழ காஞ்ச புல்லுல விழுந்துச்சு. எட்டு மணிக்கெல்லாம் பாரடைஸ்ங்குற ஊருக்குள்ள வீடுங்க எரிய ஆரம்பிச்சிருச்சு. மொத்தம் 85 பேர் செத்துட்டாங்க, அதுல பெரும்பாலானவங்க 65 வயசுக்கு மேல. 18,800க்கும் மேல கட்டடம் போச்சு. கேம்ப் ஃபயர்னு சொல்றது இதைத்தான்.

அந்தக் கொக்கியைப் பத்தி நிறைய எழுதிட்டாங்க, கரண்ட் கம்பெனி கோர்ட்டுல குற்றத்தையும் ஒத்துக்கிட்டாங்க. நான் சொல்ல வர்றது வேற. தீ எங்க ஆரம்பிச்சாலும் சரி, ஊர்க்காரங்களுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்ங்குறது அன்னைக்கு காலைல முடிவானது இல்ல, 10, 20 வருஷம் முன்னாடியே ஒரு பிளான்ல முடிவாயிருச்சு. ரோடு எத்தனை லேன், ஃபயர் ஸ்டேஷன் எங்க, தண்ணி பைப் எவ்ளோ பெருசு, மலை முகட்டுல எத்தனை வீடு கட்ட விடலாம் எல்லாமே அந்த பிளான்ல தான் இருக்கு. அது எப்படி போடுறாங்க, ஏன் திரும்பத் திரும்ப அப்டேட் பண்றாங்கன்னு பாப்போம்.

கவுன்ட்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி, ஆனா கலெக்டர் கிடையாது, ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த அஞ்சு சூப்பர்வைசருங்க சேர்ந்து முடிவெடுப்பாங்க. கலிஃபோர்னியால ஒவ்வொரு கவுன்ட்டியும் ஒவ்வொரு நகரமும் ஜெனரல் பிளான்னு ஒண்ணு வச்சிருக்கணும், சட்டம். நிலத்தை எதுக்கு பயன்படுத்துறது, போக்குவரத்து, வீட்டு வசதின்னு தனித்தனி அத்தியாயம் இருக்கும், அதுல பாதுகாப்பு அத்தியாயமும் கட்டாயம். அதோட கதை 1971 பிப்ரவரில தொடங்குது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல சான் ஃபெர்னாண்டோல 6.6 ரிக்டர் நிலநடுக்கம், அப்பத்தான் கட்டி முடிச்ச ஆலிவ் வியூ ஆஸ்பத்திரி நொறுங்கிப் போச்சு, பக்கத்துல வான் நார்மன் அணை உடையுற நிலைமைக்குப் போய் கீழ இருந்த 80,000 பேரை வெளியேத்துனாங்க. ஆபத்து நேரத்துல எல்லாரும் ஓடிப்போய் நிக்க வேண்டிய ஆஸ்பத்திரியே முதல்ல விழுந்தா என்ன பண்றதுன்னு அப்ப எழுந்த கேள்வில தான் அந்த வருஷமே நிலநடுக்கப் பாதுகாப்பு அத்தியாயத்தைக் கட்டாயம் ஆக்குனாங்க, அப்புறம் தீ, வெள்ளம் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்தாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்.

ஃபயர் ஸ்டேஷன் எங்க வைக்கிறதுன்னா எல்லாரும் மேப்ல நடு ஊர்ல புள்ளி வைப்பாங்க. ஆனா தூரத்தை விட நேரம் தான் முக்கியம். ரேண்ட் ஆராய்ச்சி நிறுவனம் போட்ட ஒரு பழைய சூத்திரம் இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு: மைல் கணக்குல தூரத்தை 1.7ஆல பெருக்கி 0.65 கூட்டு, வர்றது தான் வண்டி போய்ச் சேர ஆகுற நிமிஷம். 1.5 மைல்னா 3.2 நிமிஷம். 5 மைல்னா 9 நிமிஷத்துக்கு மேல. சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்குற ஃபயர் சர்வீஸுக்கு அமெரிக்கால இருக்குற ஸ்டாண்டர்டு, முதல் வண்டி ரோட்டுல 4 நிமிஷத்துக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. 4 நிமிஷம் எவ்ளோ முக்கியம்னு பாருங்க. பொருட்களோட பாதுகாப்பைச் சோதிக்கிற யூஎல் லேப்ல ரெண்டு ஹால் கட்டி பக்கத்துல பக்கத்துல எரிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுல பழைய மரச் சாமான், பஞ்சு, கம்பளி, இன்னொண்ணுல இப்ப எல்லார் வீட்டுலயும் இருக்குற ஃபோம் சோஃபா, சிந்தெட்டிக் கார்பெட். பழைய ஹால் முழுசா பத்திக்க 29 நிமிஷம் ஆச்சு. புது ஹால்ல 4 நிமிஷத்துக்குள்ள அறை மொத்தமும் ஒரே நெருப்பு. இதை முதல் தடவை பாத்தப்ப எங்க வீட்டு சோஃபாவை எழுந்து நின்னு ஒரு தடவை பாத்தேன், பொய் இல்ல. வீட்டுக்குள்ள சாமான் மாறுனா ஸ்டேஷன் இடைவெளியும் மாறணும், ஆனா ஸ்டேஷன் 1970கள்ல கட்டுனது, நகராது. பிளானை அப்டேட் பண்றதுக்கு இதுவே போதுமான காரணம்.

ஆனா மலைக் கிராமத்துல 4 நிமிஷம் நடக்காத காரியம். பியூட் கவுன்ட்டி தன்னோட ஃபயர் டிபார்ட்மென்டை மாநில அரசோட தீயணைப்புத் துறையான கால்ஃபயர் கூட காண்ட்ராக்ட் போட்டு தான் ஓட்டுது, அவ்ளோ பரந்த இடத்துக்கு ஒன்றரை மைலுக்கு ஒரு ஸ்டேஷன்னா காசுக்கு எங்க போறது. அதனால அங்க தீயை அணைக்கிறதை விட ஜனங்களை வெளிய கொண்டு வர்றது தான் முதல் வேலை, அங்க தான் ரோடு கணக்கு வருது.

பாரடைஸ் ஒரு மலை முகடு மேல நீளமா உக்காந்திருக்குற ஊர், ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. கீழ இறங்க நாலு ரோடு: ஸ்கைவே, கிளார்க், பென்ட்ஸ், நீல். 26,000 பேர், சரி, வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு கார்னு தோராயமா 14,000 கார்னு வச்சுப்போம். சிக்னலும் குறுக்கு ரோடும் இருக்குற டவுன் ரோட்டுல ஒரு லேன்ல மணிக்கு 850 கார் போகும்னு வச்சுக்கங்க, அஞ்சு லேன் வெளிய போகுதுன்னா மணிக்கு 4,250. வகுத்துப் பாத்தா 3 மணி நேரம் 18 நிமிஷம். இது நான் புரியறதுக்காகப் போட்ட கணக்கு தான், நிஜ மாடல் இன்னும் நுணுக்கமா இருக்கும், ஆனா அடிப்படை இவ்ளோ தான். இப்ப ரோட்டோரம் தீ வந்து ரெண்டு லேன் அடைபட்டா? மூணு லேன்ல 5 மணி நேரம் 30 நிமிஷம். தீ ஊருக்கு வர எடுத்துக்கிட்ட நேரம் ஒன்றரை மணி நேரம். எப்படிப் போட்டாலும் கழித்தல் கணக்கு மைனஸ்ல தான் முடியுது.

இதுல இன்னொரு விஷயம். எல்லாரும் ஒரே நிமிஷத்துல கார் ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. முதல்ல செய்தி காதுல விழணும், அப்புறம் நம்பணும், அம்மா மாத்திரை, நாய், போட்டோ ஆல்பம் எடுக்கணும், அப்புறம் தான் கிளம்புவாங்க, கிராஃப் போட்டா முதல்ல மெதுவா ஏறி நடுவுல சட்டுனு நிமிர்ந்து கடைசில படுத்துக்குற வளைவு வரும். அந்த நிமிர்ற இடத்துல தான் ரோடு ஜாம். அன்னைக்கு போன் அலர்ட்டுக்கு நிறைய பேர் பதிஞ்சு வைக்கவே இல்ல, பதிஞ்சவங்கள்ல பல பேருக்கு செய்தி போய்ச் சேரவும் இல்ல.

எனக்கு ரொம்ப வலிக்கிறது எதுன்னா, அவங்க அசட்டையா இருந்தவங்க இல்ல. 2008லயே ரெண்டு பெரிய தீ வந்து ஊர் காலி பண்றப்ப ரோடு ஜாம் ஆச்சு, அடுத்த வருஷம் கவுன்ட்டியோட கிராண்ட் ஜூரி (நிர்வாகம் சரியா நடக்குதான்னு பாக்குற ஊர்க்காரங்க குழு) வெளியேறுற ரோடுங்க போதாதுன்னு எழுதிக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் ஊரை 14 ஸோனா பிரிச்சு, தீ எந்தப் பக்கம் வருதோ அந்த ஸோனை முதல்ல அனுப்பு, மத்தவங்க காத்திருங்கன்னு திட்டம் போட்டு, எல்லா லேனையும் இறக்கத்துக்கே திருப்பி விடுறதையும் பழகுனாங்க. நல்ல திட்டம். ஆனா அதுக்கு அடியில ஒரு அனுமானம் இருந்துச்சு, தீ ஒரு ஓரத்துல இருந்து படிப்படியா வரும்னு. அன்னைக்கு காத்துல பறந்து வந்த தணல் ஊர்ல பல இடத்துல ஒரே நேரத்துல விழுந்துச்சு, முதல் தீக்கோடு வர்றதுக்கு முன்னாடியே. 14 ஸோனும் ஒண்ணா கிளம்ப வேண்டியதாச்சு. ஸ்கைவேயை முழுசா ஒருவழிப் பாதை ஆக்கியும் கார்ல உக்காந்தபடியே ஜனங்க நெருப்புக்கு நடுவுல நின்னாங்க.

இந்த அனுபவத்துக்கு அப்புறம் 2019ல மாநிலம் ரெண்டு சட்டம் போட்டுச்சு, அதுல தான் பிளான் போடுற முறையே மாறுச்சு. ஒண்ணு, ஆபத்தான இடத்துல ரெண்டு வெளியேறு வழி இல்லாத குடியிருப்புங்க எதெதுன்னு தேடிப் பிடிச்சு பட்டியல் போடணும். ரெண்டாவது, வெளியேறுற ரோடுங்க எவ்ளோ காரைத் தாங்கும்னு ஒரு சூழ்நிலைக்கு மட்டும் பாக்காம பல சூழ்நிலை வச்சுப் பாக்கணும். நடு ராத்திரி, ஒரு ரோடு அடைபட்டா, புகைல வேகம் பாதியா குறைஞ்சா. அதுக்கு முந்தின வருஷமே பாதுகாப்பு அத்தியாயத்தை 8 வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்கணும்னும் சட்டம் ஆயிருச்சு.

பட்டியல் போடுற வேலை கேக்க சுலபமா இருக்கும். கம்ப்யூட்டர் மேப்ல ஒவ்வொரு வீட்டுல இருந்தும் மெயின் ரோட்டுக்கு வழி தேடச் சொல்லுவாங்க, அப்புறம் ஒரு ரோட்டைத் துண்டிச்சுட்டு திரும்பத் தேடச் சொல்லுவாங்க, வழியே கிடைக்காத வீடுங்க சிவப்பு. ஆனா மேப்ல ரோடுன்னு இருக்குறது நேர்ல பூட்டுன கேட்டா இருக்கும், இல்ல மழையில கரைஞ்ச மண் பாதையா இருக்கும், இல்ல ஃபயர் வண்டி எடையைத் தாங்காத மரப் பாலமா இருக்கும். அதனால தான் பொதுக் கூட்டத்துல ஊர்க்காரங்க வந்து பேசறது சடங்கு இல்ல, மேப்ல இல்லாத தகவல் அவங்க கிட்ட தான் இருக்கு.

தண்ணி பக்கம் வேற ஒரு பாடம். வீடு எரிஞ்சு விழுந்தா அந்த வீட்டுக்குப் போற பைப் திறந்த குழாய் மாதிரி ஒழுகும், ஆயிரக்கணக்குல வீடு ஒரே நாள்ல போனா மொத்த லைன்லயும் அழுத்தம் இறங்கி, ஹைட்ரண்ட்ல, அதாவது ஃபயர் வண்டிக்குத் தண்ணி எடுக்குற ரோட்டோரக் குழாய்ல, தண்ணி வராது. அதோட நிக்கல. அழுத்தம் இல்லாத பைப் புகையையும் சாம்பலையும் உள்ள இழுக்கும், பிளாஸ்டிக் பைப் சூட்டுல உருகியும் பென்ஸீன் மாதிரி ரசாயனம் தண்ணில கலக்கும். பாரடைஸ்ல தீ அணைஞ்சு பல மாசத்துக்கு அப்புறமும் குழாய்த் தண்ணியைக் குடிக்க முடியாம இருந்தாங்க. ஒவ்வொரு பகுதியையும் தனியா அடைக்க வால்வு, எரிஞ்ச வீட்டுத் தண்ணி மெயின் லைனுக்குத் திரும்பி வராம தடுக்குற வால்வு, இதெல்லாம் பொது வசதி அத்தியாயத்துல இடம் பிடிக்கணும். யாரும் திறப்பு விழா நடத்தாத விஷயம், ஆனா ஊருக்கு உயிர்.

இதே கவுன்ட்டில தான் ஓரோவில் அணையும் இருக்கு, 770 அடி, அமெரிக்காலயே உயரமானது. 2017 பிப்ரவரில மெயின் ஸ்பில்வேல (அணையோட மிச்சத் தண்ணி வெளிய போற வழி) பெரிய குழி விழுந்து, அவசர ஸ்பில்வே வழியா முதல் தடவையா தண்ணி வழிஞ்சப்ப, கீழ கான்கிரீட் போடாத வெறும் மலைச்சரிவு. தண்ணி மண்ணை அரிச்சுக்கிட்டே மேல் நோக்கி வந்து சுவரோட அடியைத் தொடப் போச்சு, 1,88,000 பேரை வெளியேத்துனாங்க. அப்பவும் ரோடு ஜாம். அணை மாநிலத்தோடது, கரண்ட் லைன் தனியார், ஹைவே மாநிலம், காட்டுல ஒரு பகுதி மத்திய அரசு. கவுன்ட்டி கைல இருக்குறது கொஞ்சம் தான், ஆனா ஜனங்க எல்லாரும் கவுன்ட்டியோட ஜனங்க.

வெள்ளக் கணக்குல எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்குற ஒண்ணைச் சொல்லிடுறேன். 100 வருஷ வெள்ளம்னா 100 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருஷ வீட்டுக் கடன் முடியுறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 26 சதவீதம். நாலுல ஒண்ணு! அதனால தான் கலிஃபோர்னியாவோட நடுச் சமவெளி நகரங்களுக்கு 200 வருஷ வெள்ளத்தை அளவா வச்சாங்க, அதுலயும் 30 வருஷத்துல 14 சதவீதம் வருது.

காசு? 1978ல வந்த சட்டத் திருத்தத்தால சொத்து வரி விகிதம் 1 சதவீதத்துல நின்னுடுச்சு, வீடு கை மாறாத வரைக்கும் வரிக்கான மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது, அதனால புதுசா வீடு கட்டுறவங்க கிட்ட ரோடு, ஸ்டேஷன், பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு கட்டணம் வாங்குறாங்க. அதையும் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. எல் டொராடோ கவுன்ட்டில ஒருத்தர் சொந்த நிலத்துல வீடு வைக்க 23,420 டாலர் டிராஃபிக் கட்டணம் கேட்டாங்கன்னு கேஸ் போட்டு அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, அந்த வீட்டால வர்ற பாதிப்புக்கும் கட்டணத்துக்கும் பொருத்தம் இருக்கணும்ங்குற விதி கவுன்ட்டி சட்டமா போட்டு வாங்குற கட்டணத்துக்கும் உண்டுன்னு 2024ல தீர்ப்பு வந்துச்சு. ஆக ஒரு ஃபயர் ஸ்டேஷனுக்கு வாங்குற ஒவ்வொரு டாலருக்கும் பின்னாடி மேல பாத்த தூரம்-நிமிஷ சூத்திரம் மாதிரி ஒரு கணக்கு இருந்தே ஆகணும்.

ஆள் எண்ணிக்கையே தலைகீழா மாறுனா இன்னும் கஷ்டம். 2010 சென்சஸ்ல பாரடைஸ்ல 26,218 பேர், 2020ல 4,764. அவ்ளோ பேரும் எங்க போனாங்க? நிறைய பேர் பக்கத்துல இருக்குற சிக்கோ நகரத்துக்கு. ஒரே ராத்திரில சிக்கோவோட ரோடு, சாக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பல வருஷத்துல வரும்னு எதிர்பார்த்த கூட்டத்தைத் தாங்க வேண்டியதாச்சு. பியூட் கவுன்ட்டி 2030 வரைக்கும்னு 2010ல போட்ட பிளான் அப்படியே காலாவதி ஆச்சு, 2023ல 2040 வரைக்குமான பிளானைப் பாஸ் பண்ணுனாங்க.

அது முடிஞ்சு ஒன்றரை வருஷம் கூட ஆகல, 2024 ஜூலை 24ல சிக்கோ பூங்கால ஆரம்பிச்ச பார்க் ஃபயர் 4,29,000 ஏக்கரைத் தாண்டி எரிஞ்சுச்சு. அதோட வழில கோஹாஸெட்னு ஒரு மலைக் கிராமம், கீழ இறங்கத் தார் ரோடு ஒண்ணே ஒண்ணு தான், அந்தப் பட்டியல்ல சிவப்பா வர்ற மாதிரி ஊர். அந்த ரோட்டுப் பக்கம் தீ வந்துருச்சு. மேல மாட்டுனவங்க மரம் ஏத்துற லாரி போற காட்டு மண் ரோட்டு வழியா, ஒரு கார் பின்னாடி ஒரு காரா புழுதில ஊர்ந்து வெளிய வந்தாங்க.