லீட், முன்னிலை: எஞ்சின் செஸ்ஸில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

லீட் என்ற ஆங்கிலச் சொல் 'வழிகாட்டு, கூட்டிப் போ' என்ற பழைய வினையிலிருந்து வந்தது. வழி காட்டுகிறவர் முன்னால்தானே போவார், அப்படியே பந்தயத்தில் முந்தி நிற்பதற்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. தமிழில் முன்னிலை. முன் + நிலை, அவ்வளவுதான். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, அங்கே அது எதிரே நிற்பவர். கடலூர்ப் பக்கம் விழா நோட்டீஸில் 'தலைமை'க்குக் கீழே போடும் 'முன்னிலை' மேடையில் முன்வரிசையில் உட்காருபவர். எங்கே வந்தாலும் அது ஓர் இடத்தைத்தான் சொல்கிறது, பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் நிரல்கள் ஒன்றோடொன்று மோதும் எஞ்சின் செஸ்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்பேன்.

ஏன் என்றால், மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் பழைய பதிப்பையும் புதுப் பதிப்பையும் ராத்திரி முழுக்க லேப்டாப்பில் மோதவிட்டு, "அண்ணே, புதுசு 6-4 லீட், அதுதான் ஸ்ட்ராங்" என்று காலையில் வந்து நின்றான். பிரித்துப் பார்த்தால் 3 வெற்றி, 1 தோல்வி, 6 டிரா (டிராவுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி). எது பலம் என்று கேட்டால் டிரா எதுவும் சொல்லாது, அதைத் தள்ளினால் மிச்சம் 4 ஆட்டம். ஒரு காசை 4 தடவை சுண்டினால் வரக்கூடிய 16 விதத்தில் 10-ல் ஏதாவது ஒரு பக்கத்துக்கு 3-1 அல்லது 4-0 என்றுதான் விழும். அதாவது இரண்டும் சமபலம் என்றாலும் யாராவது ஒருவருக்கு இப்படி ஒரு முன்னிலை வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்வுகள். எஞ்சின் போட்டிகளில் ஒரே ஓப்பனிங்கை நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடவிடுவார்கள், வெள்ளைக்குச் சாதகமான ஓப்பனிங் என்றால் முதல் ஆட்டத்தில் வெள்ளை ஜெயித்தது ஒரு செய்தியே இல்லை. புதுச்சேரியில் வாக்கு எண்ணும்போது விவரம் தெரிந்தவர் "முதல் சுற்றில் எந்தப் பகுதி மெஷின்?" என்று கேட்பாரே, அதே கேள்வி இங்கேயும் வேண்டும். இந்த இரண்டு ஆட்ட ஜோடி முடியாமல் ஸ்கோரைத் தொடவே கூடாது.

100 ஆட்டம் ஆடினாலும் சில சமயம் பிடி கிடைக்காது. டிசெக் (TCEC) என்ற எஞ்சின் போட்டியின் 14-ஆவது சீசன் இறுதிப்போட்டி 2019-இல் முடிந்தபோது ஸ்டாக்ஃபிஷ் 50.5, எதிர் எஞ்சின் லீலா 49.5. வெற்றி 10, தோல்வி 9, மீதி 81 டிரா. கோப்பை ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு, சரி. அதை வைத்துப் பலத்தில் யார் மேல் என்று சொல்ல முடியுமா? முடியாது.

அதனால் ஆரம்பத்தில் கிடைப்பதைத் 'தொடக்க முன்னிலை' என்றே எழுதுங்கள், பக்கத்திலேயே ஆட்ட எண்ணிக்கையையும் பிழை வரம்பையும் (தற்செயலால் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதையும்) போடுங்கள். 'மேலானது', 'வலிமையானது' என்பதெல்லாம் சோதனை முடிந்த பிறகு. எப்போது முடிந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது: ஸ்டாக்ஃபிஷ் குழு ஒரு சிறு மாற்றத்தைச் சேர்க்கும் முன் பல்லாயிரம் ஆட்டம் ஓடவிட்டு, ஒவ்வொரு முடிவும் வர வர "இது போதுமா, இன்னும் ஆடணுமா" என்று ஒரு வாய்பாட்டைக் கேட்டுக்கொண்டே போகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்த வழியை வகுத்தவர் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட். இந்தியாவுக்கு உரையாற்ற வந்த இடத்தில், 1950-இல், நம் நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்துபோனார்.