மிக்ஸட் மீடியா ஓவியத்தை "கலப்பு ஊடகம்"னு சொல்லாதீங்க

ஓவியக் கண்காட்சி பத்தின குறிப்பு எதை எடுத்தாலும் இப்ப "கலப்பு ஊடக ஓவியங்கள்"னு ஒரு சொல் கண்ணுல படுது. ஒரு ஓவியர் பெரிய கித்தான்ல, அதாவது கேன்வாஸ்ல, மனுஷ உருவங்களை அக்ரிலிக், கரி, துணி, கிழிச்ச பேப்பர், மணல்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் போட்டு ஆக்ரோஷமா வரைஞ்சிருப்பார், படம் ஆளையே உலுக்கும், ஆனா பக்கத்துல ஒட்டியிருக்கிற சீட்டுல "கலப்பு ஊடகம்"னு ரெண்டே வார்த்தை. ஊடகம்னா இன்னிக்குத் தமிழ் படிக்கிறவங்களுக்குப் பத்திரிகை, டிவி, சமூக ஊடகம். அதைக் கலந்து எப்படிய்யா படம் வரைவாங்க? இதை ஒரு தடவை படிச்சா பொறுத்துக்கலாம், எல்லா இடத்துலயும் இதே சொல்லுன்னா கேள்வி கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல மீடியாங்கிற சொல்லோட வேர். லத்தீன்ல மீடியஸ்னா நடு, நடுவுல இருக்கிறது. மீடியம் ஒருமை, மீடியா பன்மை, அவ்வளவுதான். ஓவியர்கள் கிட்ட மீடியத்துக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, வண்ணப்பொடியைப் பிடிச்சு வைக்கிற பசைப்பொருள், அதாவது ஆளிவிதை எண்ணெய், முட்டை மஞ்சக்கரு, வேலம்பிசின் மாதிரி. இன்னொண்ணு, படம் எதால ஆனதோ அந்தப் பொருள். பத்திரிகை, ரேடியோவைச் சேர்த்து மாஸ் மீடியான்னு சொல்ற வழக்கம் 1920கள்ல விளம்பரத் தொழில்லேர்ந்து வந்தது. ஆங்கிலத்துல ஒரே சொல் இத்தனை வேலை பாக்குது, அது அவங்க மொழியோட பழக்கம். நாம ஏன் ஒரே சொல்லால அத்தனையையும் அடைக்கணும்?

பொருள் என்னன்னு பாத்தா சொல் தானா தெளிவாகும். 1881ல பிரெஞ்சு ஓவியர் டெகா ஒரு சின்ன நடனக்காரி சிலையைக் கண்காட்சியில வச்சார், உடம்பு மெழுகு, ஆனா பாவாடை நிஜத் துணி, தலையில நிஜ முடி, ரிப்பன். 1912ல பிக்காசோ ஒரு முட்டை வடிவக் கித்தான்ல பிரம்புப் பின்னல் அச்சடிச்ச மெழுகுத்துணியை ஒட்டி, சுத்தி கயித்தைச் சட்டமாக் கட்டினார். அதே வருஷம் அவரோட சக ஓவியர் பிராக் மரம் மாதிரி அச்சடிச்ச சுவர்க் காகிதத்தை வெட்டி ஒட்டினார். மனுஷ உருவத்துல இந்த வேலையோட முழு வீரியத்தைக் காட்டினது பிரெஞ்சு ஓவியர் துபுஃபேன்னுதான் நான் சொல்வேன். 1946ல பாரிஸ்ல அவர் வச்ச கண்காட்சியில தார், மணல், சரளைக்கல் எல்லாம் சேர்த்த கெட்டிக் குழைவைப் பூசி அதுலயே கீறி ஆளுங்களை வரைஞ்சிருந்தார், சேத்துலேர்ந்து எழுந்து வந்தவங்க மாதிரி இருப்பாங்க. அப்புறம் அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்க், ஒரு ஆட்டோட பாடம் பண்ணின உடம்புல டயரை மாட்டி அதைப் படத்து மேலயே நிறுத்தினவர். ஜெர்மன் ஓவியர் கீஃபர் 1981ல செஞ்ச "மார்கரெட்டே"ங்கிற படத்துல பொன்னிறத் தலைமுடி வரணும், அதுக்கு மஞ்ச வண்ணம் போடாம வைக்கோலையே எடுத்து ஒட்டிட்டார்.

இந்த வைக்கோலைத்தான் பிடிச்சுக்கணும். ஊடகம்ங்கிற சொல்லுக்கு வேர் ஊடு, ஊடு-ன்னா நடுவுல, உள்ளாற புகுந்து போறது. ஊடுருவு, ஊடாக, நெசவுல பாவும் ஊடும், எல்லாமே இதே குடும்பம். இயற்பியல் பாடத்துல "ஒளி ஒரு ஊடகத்திலிருந்து இன்னொரு ஊடகத்துக்குப் போகும்போது வளையும்"னு படிச்சிருப்பீங்க, அங்க அந்தச் சொல் அருமையாப் பொருந்துது, ஏன்னா ஒளி கண்ணாடிக்குள்ள புகுந்து போயிடுது. செய்தியும் அப்படித்தான், பேப்பர் வழியா வந்து நம்ம கிட்ட சேருது, அதனால பத்திரிகைக்கு ஊடகம்னு வச்சதும் சரி. ஆனா கீஃபரோட வைக்கோல் வழியா எதுவும் எங்கயும் போகலை, அது அங்கயே இருக்கு, அதுதான் தலைமுடி, அதுதான் படம். ஒரு பொருள் தன்னோட கனத்தோட, சொரசொரப்போட கண்ணு முன்னால நிக்கிறதுக்காகவே அதைக் கொண்டுவந்து ஒட்டியிருக்காங்க, அதுக்குப் போய் "ஊடா போற வழி"ன்னு பேர் வச்சா அந்த ஓவியம் செய்ற காரியத்துக்கே எதிரா பேசுற மாதிரி ஆயிடுது.

இதுக்கு ஒரு பதில் வாதம் இருக்கு, ஓவியரோட உணர்ச்சி பொருள் வழியாத்தானே பார்வையாளருக்கு வருது, அப்ப ஊடகம் சரிதானேன்னு. இருக்கட்டும். அது கலை எப்படி வேலை செய்யுதுங்கிறது பத்தின ஒரு கொள்கை. சீட்டுல எழுதுறது கொள்கை இல்லை, இந்தப் படம் எதால ஆச்சுன்னு கேக்கிறவங்களுக்கான பதில். இன்னொண்ணும் பாருங்க, கல்வியில மீடியம் வந்தப்ப "தமிழ்வழி"ன்னு சொன்னோம், இலங்கையில "தமிழ்மொழி மூலம்"னு சொன்னாங்க, ரெண்டும் எவ்வளவு தெளிவு! யாரும் தமிழ் ஊடகப் பள்ளின்னு எழுதலை. அந்த இடத்துல அந்தச் சொல் என்ன பண்ணுதுன்னு யோசிச்சுத் தமிழாக்கினாங்க. அந்த யோசனை கலைக்கு மட்டும் ஏன் இல்லாமப் போச்சு?

அடுத்தது "கலப்பு". இதுவும் எனக்கு ஒப்பாது. கலப்புன்னா ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு பிரிக்க முடியாமப் போறது, கூடவே கலப்படத்தோட வாடையும் அடிக்குது. இந்த மாதிரி ஓவியத்துல பொருள்கள் பெரும்பாலும் கரையிறதில்லை, அடுக்கடுக்கா நிக்குது. அக்ரிலிக் காஞ்சதும் அது மேல கரிக்கோடு, அது மேல துணி, துணி மேல திரும்ப வண்ணம், ஒவ்வொண்ணும் தனியாத் தெரியணும். வரிசையும் முக்கியம், அக்ரிலிக் மேல எண்ணெய் வண்ணம் பூசலாம், ஆனா எண்ணெய் வண்ணத்து மேல அக்ரிலிக் பூசினா சரியாப் பிடிக்காம நாளடைவுல உரிஞ்சு வரும். ஓவியர் இவ்வளவு கணக்குப் போட்டு அடுக்கினதைக் கலப்புன்னு சொன்னா எல்லாத்தையும் ஒரு வாளியில போட்டுக் கிண்டினாங்கன்னுதான் தோணும்.

"பல்லூடக ஓவியம்"னும் சிலர் எழுதுறாங்க, அது இன்னும் மோசம். பல்லூடகம்னா மல்டிமீடியா, ஒலியும் வீடியோவும் எழுத்தும் சேர்ந்து வர்றது, அப்படியும் கலைப்படைப்புகள் இருக்கு, அது வேற இனம். ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சா நாளைக்கு ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல வழி இருக்காது.

அப்ப என்ன சொல்லலாம்? எனக்குப் பிடிச்சது பல்பொருள் ஓவியம். இது புதுசாக் கட்டின சொல்லும் இல்லை. பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டுல ஒரு தொகுதிக்கே "பல்பொருட் பெயர்த் தொகுதி"ன்னு பேரு. அதே நிகண்டு சிற்பத்துக்கான பொருள்களைப் பத்துன்னு எண்ணிச் சொல்லுது, கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்ட சருக்கரை, மெழுகு. இதுல கண்ட சருக்கரைங்கிறது பல பொருளைச் சேர்த்துச் செய்ற ஒரு கூட்டு. அதாவது பல பொருளைச் சேர்த்து உருவம் செய்றதும் நமக்குப் புதுசு இல்லை, அதை எண்ணிப் பேர் சொல்றதும் புதுசு இல்லை. அந்தப் பத்துக்கும் நிகண்டு சொல்ற பொதுப்பேர் "உறுப்பு". எவ்வளவு நேர்மையான சொல்! பொருள் படைப்போட உடம்புல ஒரு பாகம்னு அதுலயே வந்துடுது. இன்னிக்கு உறுப்புன்னா கையும் காலும்தான் ஞாபகம் வரும், அதனால அதைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லலை.

பல்பொருளுக்கு எதிரா ரெண்டு விஷயம் சொல்வாங்க. பல்பொருள் அங்காடி ஞாபகம் வருதேன்னு, வரட்டுமே, எல்லாருக்கும் உடனே புரியுதுங்கிறதுக்கு அதைவிட வேற சாட்சி எதுக்கு. இன்னொண்ணு கொஞ்சம் கனமானது, இலக்கணத்துல "பல்பொருள் ஒருசொல்"னு பல அர்த்தம் தர்ற சொல்லைச் சொல்றோம், அதனால பல அர்த்தம் உள்ள ஓவியம்னு படிச்சிடலாம். உண்மைதான், இந்தச் சந்தேகம் வரும். ஆனா சொல்லுக்குப் பக்கத்துல பொருள்களோட பட்டியல் இருந்தா அது நிக்காது, அந்தப் பட்டியல் எப்படியும் இருந்தே ஆகணும்னுதான் நான் சொல்றேன். அதுவும் வேண்டாம்னா மிக்ஸட் மீடியான்னே தமிழ் எழுத்துல எழுதுங்க, தாராளமா எழுதுங்க. தெரியாதவங்க என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. கலப்பு ஊடகம் அப்படி இல்லை, புரிஞ்ச மாதிரி ஏமாத்திடுது. தூய தமிழ் மேல எனக்கும் பிரியம் உண்டு, தமிழ் எழுத்துல இருக்கிறதாலயே ஒரு சொல் தமிழாயிடாது.

இந்தக் குறிப்புகளை மொழிபெயர்க்கிறவங்க படத்தைப் பாக்காமலேயே வேலை செய்றாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். ஃபிகர்ங்கிறதுக்கு "உருவகம்"னு போடுறாங்க. உருவகம் அணி இலக்கணம், முகமதின்னு சொல்றது. வேணும்கிறது உருவம், மனித உருவ ஓவியம். எக்ஸ்பிரசிவ்னு இருந்தா உடனே "வெளிப்பாட்டியம்", அதாவது எக்ஸ்பிரஷனிசம். அது 1905ல ஜெர்மனியோட டிரெஸ்டன் நகரத்துல ஆரம்பிச்ச குழுவோடவும் அதைத் தொடர்ந்து வந்தவங்களோடவும் சேர்ந்த ஒரு இயக்கத்தோட பேரு, உணர்ச்சி கொப்பளிக்க இன்னிக்கு வரையிற எல்லாரையும் அதுல சேர்க்க முடியாது. "உணர்ச்சி கொப்பளிக்கும் மனித உருவங்கள்"னு எழுதினா என்ன குறைஞ்சிடும்?

சீட்டை இப்படி எழுதலாம்: "பல்பொருள் ஓவியம். கித்தான் மேல் அக்ரிலிக், கரி, பருத்தித் துணி, செய்தித்தாள், மணல்." அந்த செய்தித்தாள் ஒட்டியிருந்தா மட்டும்தான் படத்துல ஊடகம் இருக்கு.