கைய விட்டா தானா நேராகுற ரெக்கை: பசங்களுக்கு முதல் ஆர்சி (ரிமோட்) பிளேன் எது?

"பொண்ணுக்கு பத்து வயசு, ரிமோட் பிளேன் வேணும்னு ஒரே அடம், ஃபைட்டர் ஜெட் மாதிரி ஒண்ண காட்டி இதான் வேணும்ங்குறா, வாங்கித் தரலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஒரு வரில சொல்லணும்னா ஜெட் வேணாம் சார். ஆனா ஏன் வேணாம்ங்கிறதுல ரொம்ப அழகான பிசிக்ஸ் ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட மனசு வரல.

ரெக்கை காத்த கீழ தள்ளுது, காத்து ரெக்கைய மேல தள்ளுது, நியூட்டனோட மூணாவது விதி, ஸ்கூல்ல படிச்சதுதான். (ரெக்கைக்கு மேல போற காத்தும் கீழ போற காத்தும் பின்னாடி ஒரே நேரத்துல வந்து சேரணும், அதனாலதான் மேல வேகமா ஓடுதுன்னு சில புத்தகத்துல இன்னும் போட்டிருக்கு. அப்படி சேந்தே ஆகணும்னு எந்த விதியும் கிடையாது, ராகு காலம் மாதிரி இதையும் தலைமுறை தலைமுறையா கேள்வி கேக்காம கடத்திட்டிருக்கோம்.) வேகம் ரொம்ப கொறஞ்சு, அத ஈடு கட்ட மூக்க தூக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல காத்து ரெக்கை மேல ஒட்டாம பிரிஞ்சிடும், தூக்குவிசை பொசுக்குனு போயிடும், அதான் ஸ்டால். ஒரே சைஸ் ரெக்கை இருக்கிற ரெண்டு பிளேன்ல ஒண்ணு நாலு மடங்கு வெயிட்டா இருந்தா அது ஸ்டால் ஆகாம இருக்க ரெண்டு மடங்கு வேகம் வேணும். ஜெட் மாடல்ல பெரும்பாலும் ரெக்கை சின்னது, அதனால எப்பவும் தலைதெறிக்க ஓடிட்டேதான் இருக்கணும், குழந்தை லெஃப்டா ரைட்டான்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிளேன் மரத்துல இருக்கும். சோ பெரிய ரெக்கை, கொறஞ்ச வெயிட்டு.

இப்ப எனக்கு புடிச்ச எடத்துக்கு வரேன். டப்பால போட்டிருக்கிற ரேஞ்சு, ஸ்பீடு எல்லாத்தையும் விட்டுட்டு பிளேனுக்கு நேர் முன்னாடி உக்காந்து பாருங்க. ரெண்டு ரெக்கையும் நடுவுலேர்ந்து நுனிக்கு போகப்போக லேசா மேல ஏறி, நல்லா விரிச்சு வச்ச 'வி' எழுத்து மாதிரி தெரியுதா? இதுக்கு டைஹெட்ரல்னு பேரு. இந்த கொஞ்சூண்டு மடிப்பு இருந்தா, காத்தடிச்சு பிளேன் ஒரு பக்கமா சாஞ்சாலும் யாரும் ஒண்ணும் பண்ணாமலே அது தானா நேராகப் பாக்கும்.

எப்படி? நிறைய பேர் சொல்ற வெளக்கம், சாஞ்ச பக்கத்து ரெக்கை தரைக்கு சமமா ஆயிடுது அதனால அதுக்கு தூக்குவிசை ஜாஸ்தின்னு. கேக்க நல்லாருக்கு, ஆனா தப்பு. தரை எந்தப் பக்கம் இருக்குன்னு ரெக்கைக்கு தெரியவே தெரியாது, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கிறது மட்டுந்தான். நிஜத்துல நடக்கறது என்னன்னா, பிளேன் இடது பக்கமா சாஞ்ச உடனே தூக்குவிசையும் இடது பக்கமா சாயுது, அதனால பிளேன் முன்னாடி போயிட்டே கொஞ்சம் இடது பக்கமா சறுக்க ஆரம்பிக்குது, சறுக்குனா காத்து நேர் எதிர்ல இருந்து வராம கொஞ்சம் இடப்பக்கமா இருந்து வரும். ஒரு கெட்டி அட்டைய நடுவுல லேசா 'வி' மாதிரி மடிச்சு கண் மட்டத்துக்கு புடிச்சு, மடிப்போட ஒரு முனைய பிளேனோட மூக்குன்னு வச்சுக்கிட்டு, நேர் முன்னாடி இருந்து பாருங்க, ரெண்டு பாதியும் வெறும் விளிம்பாத்தான் தெரியும். இப்ப பிளேனோட இடப்பக்கமா தலைய கொஞ்சம் நகத்துங்க. இடது ரெக்கையோட அடிப்பக்கம் தெரியும், வலது ரெக்கையோட மேல்பக்கம் தெரியும். உங்க கண்ணு இருக்கிற எடத்துலேர்ந்துதான் காத்து வருதுன்னு நெனச்சுக்கங்க, எந்த ரெக்கை மேல ஏறும், எது எறங்கும்னு நான் சொல்லவே வேணாம்.

கணக்கு போட்டா இன்னும் ஜோரு. 5 டிகிரி டைஹெட்ரல் இருக்கிற ரெக்கை 10 டிகிரி சறுக்குனா, காத்த சந்திக்கிற கோணம் ஒரு பக்கம் சுமார் 0.9 டிகிரி கூடும், இன்னொரு பக்கம் அதே அளவு கொறையும். 4 டிகிரில பறந்துட்டு இருந்த ரெக்கை இப்ப இடது பக்கம் 4.9, வலது பக்கம் 3.1. கோணம் கூடுன பக்கம் தூக்குவிசையும் கூடும், அதனால தாழ்ந்த ரெக்கை எழும்புது, பிளேன் நேராகுது, நேரானதும் சறுக்கல் நிக்குது, சறுக்கல் நின்னா அந்த தள்ளுதலும் நின்னுடுது. சென்சார் கிடையாது, ப்ரோகிராம் கிடையாது, வெறும் ஒரு மடிப்பு!

அதே மடிப்புதான் பிளேன திருப்பவும் செய்யுது. ரட்டர, அதாவது வால்ல செங்குத்தா நிக்கிற திரும்புற பலகைய, வலது பக்கம் திருப்புனா மூக்கு வலது பக்கம் போகும், ஆனா பிளேன் கொஞ்ச நேரம் பழைய தெசையிலயே போயிட்டிருக்கும், அப்ப காத்து இடப்பக்கத்துலேர்ந்து வர மாதிரி ஆயிடுது, இடது ரெக்கை எழும்புது, பிளேன் வலது பக்கம் சாஞ்சு அழகா வளையுது. அதனாலதான் த்ராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர் (மூக்க மேல கீழ ஆட்டுற வால் பலகை), ரட்டர் மூணு மட்டும் இருக்கிற த்ரீ சேனல் பிளேன் குழந்தைக்கு போதும்னு சொல்றது, பிளேன சாய்க்கன்னே ரெக்கைல வைக்கிற ஏலரான் பலகையே வேணாம்.

1871ல ஃப்ரான்ஸ்ல அல்ஃபோன்ஸ் பெனோன்னு ஒருத்தர் ரப்பர் முறுக்கி விட்ட குட்டி மாடல ரெக்கை நுனிய மேல தூக்கி வச்சு செஞ்சாரு, 11 செகண்ட்ல 40 மீட்டர் தானா பறந்துச்சு. ஆனா ரைட் சகோதரர்கள் 1903 ஃப்ளையர்ல ரெக்கைய வேணும்னே கீழ தொங்க விட்டாங்க. பக்கவாட்டுல காத்தடிச்சா டைஹெட்ரல் ரெக்கைல காத்து வர்ற பக்கம் எழும்பும், தரையை ஒட்டி பறக்கும்போது அது பெரிய தொல்லை. நம்ம பிளேனுக்கும் இதே கததான், அதனால முதல் சில தடவை காத்தே இல்லாத நேரமா பாத்து போங்க.

பிளேன் சாஞ்சா உணர்ந்து தானா சரி பண்ற கைரோ சிப்பு இருந்தா நல்லதானேன்னு கேப்பீங்க. நல்லதுதான், ஆனா ஆஃப் பண்ற சுவிட்ச் இருக்கிறதா வாங்குங்க, இல்லன்னா குழந்தை ஓட்டுதா சிப்பு ஓட்டுதான்னே தெரியாது. அதோட ஸ்டால் ஆன ரெக்கைய கைரோவால காப்பாத்தறது கஷ்டம்.

மத்தது வேகமா சொல்லிடுறேன். இபிபி ஃபோம் வளைஞ்சு திரும்ப வந்துடும், சாதா தெர்மோகோல் பொட்டுனு ஒடையும். ப்ரொப்பல்லர் பின்னாடி இருந்தா மூக்கு குத்தி விழுந்தாலும் தப்பிக்கும், ஆனா விரல் மட்டும் எப்பவும் தள்ளியே இருக்கணும். எடை எந்த எடத்துல பேலன்ஸ் ஆகணும்னு மேனுவல்ல இருக்கிறத அப்படியே பாருங்க, வால் கனமான பிளேன யாராலயும் ஓட்ட முடியாது. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு செல் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்கு கீழ போனா கெட்டுடும், உப்பிப் போனத தொடவே வேணாம். சார்ஜ் போடறது பெரியவங்க வேலை, பக்கத்துலயே இருக்கணும், ராத்திரி போட்டுட்டு தூங்கறதெல்லாம் கூடவே கூடாது.

அப்புறம் எல்லா குழந்தையும் மாட்டிக்கிற ஒரு எடம் இருக்கு. பிளேன் நம்மள நோக்கி திரும்பி வரும்போது அதோட லெஃப்ட் நமக்கு ரைட்டாயிடும், பயத்துல தப்பா திருப்பிடுவாங்க. அப்ப லெஃப்ட் ரைட்டு எதையும் யோசிக்க வேணாம், எந்த ரெக்கை கீழ எறங்கி தெரியுதோ அந்தப் பக்கமா ஸ்டிக்க தள்ளச் சொல்லுங்க, அது எழும்பிடும். பிளேன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டிப் பழகுற சிமுலேட்டர்ல இத மட்டும் போட்டு பழக விடுங்க.