ஸீன்: தமிழில் கையிதழ்

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு தாளை நீட்டி 20 பிரதி கேட்டேன். கண்ணாடியில் வைக்கப்போன கடைக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

“தங்கச்சி, மேல நாலு பெட்டியும் தலைகீழாக் கிடக்கு. மாறி ஒட்டிப்போட்டீங்களோ?”

“இல்லை அண்ணை, அப்பிடித்தான் வரவேணும். மடிச்சா நேராகும்.”

முதல் பிரதியை அங்கேயே மடித்துக் காட்டினேன். எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்ன பேர்?” என்றார். ஸீன் என்றேன். “சீனோ? நாடகத்தில வாற சீனோ?” என்று கேட்டார். அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒருவரோ இரண்டு மூன்று நண்பர்களோ தாங்களே எழுதி, வரைந்து, வெட்டி ஒட்டி, பிரதி எடுத்து, மடித்துக் கையால் கொடுக்கும் சின்ன வெளியீடுதான் ஸீன் (ஆங்கிலத்தில் zine). கவிதை இருக்கலாம், படக்கதை இருக்கலாம், அம்மம்மாவின் ஒடியற்கூழ்ச் செய்முறை மட்டுமே இருக்கலாம். பதிப்பகம் கிடையாது. அடுத்த இதழ் எப்போது என்ற கேள்வியும் கிடையாது. 20 பிரதி, 50 பிரதி, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. சீன் என்று எழுதினால் நாடகக் காட்சி. ஜீன் என்றால் மரபணு. சைன் என்றால் கையொப்பம், இல்லாவிட்டால் கணிதப் பாடம். ஸீன் என்று கிரந்தம் போட்டு எழுதினாலும் வாய் அதைச் சீன் என்றே படிக்கிறது. ஒலிபெயர்ப்பு இந்த அளவுக்குக் கைவிடும் சொற்கள் அதிகம் இல்லை.

சொல் வந்த வழியைப் பார்ப்போம். 1940 ஒக்டோபரில் அமெரிக்க அறிவியல் புனைகதை வாசகர் ரஸ் ஷோவனே ‘ஃபேன்ஸின்’ என்ற சொல்லை உருவாக்கினார். வாசகர்கள் தாங்களே தட்டச்சு செய்து பெருக்கி அனுப்பிக்கொண்ட இதழ்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பழக்கம் சொல்லைவிட மூத்தது. சிகாகோவில் 1930இல் வந்த ‘தி கொமெட்’ தான் இவ்வகையில் முதலாவது என்பார்கள். ஃபேன் என்பதும் மகசின் என்பதன் வாலும் சேர்ந்ததே ஃபேன்ஸின். பிற்காலத்தில் தலை உதிர்ந்து வால் மட்டும் மிஞ்சியது. 1970களில் பங்க் இசைக்காரர்கள் போட்டோக்கொப்பி இயந்திரத்தைக் கையில் எடுத்தபோது, இசை, அரசியல், பெண்ணியம், சொந்தக் கதை என்று எதுவும் ஸீனுக்குள் வரலாம் என்றாகிவிட்டது.

உதிர்ந்த தலையையும் கொஞ்சம் பார்க்கலாம். ஃபேன் என்பது வெறியரைக் குறித்த ஃபனற்றிக் என்ற சொல்லின் சுருக்கம். அதன் அடியில் இருப்பது கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல். கோயிலில் தெய்வம் ஏறியவரையே அது முதலில் குறித்தது. நம்மூர் உருவாடுபவரை நினைத்துக்கொண்டால் பொருள் உடனே பிடிபடும். தமிழில் ‘விசிறி’ என்று வைத்தவர்கள் மின்விசிறிப் பக்கம் போய்விட்டார்கள். உருவேறியவர் என்றிருந்தால் எவ்வளவு கிட்ட வந்திருக்கும்!

மிஞ்சிய வாலின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மகசின் என்பது அரபியில் ‘மக்ஸன்’, அதாவது பொருளைச் சேமித்து வைக்கும் இடம். இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் பண்டகசாலை ஆகி, வெடிமருந்துக் கிடங்கும் ஆனது. துவக்கில் ரவை அடுக்கும் கூட்டுக்கு மகசின் என்று பெயர் வந்தது அப்படித்தான். கொழும்பில் ஒரு சிறைச்சாலையின் பெயரிலும் இதே சொல் இருக்கிறது. எங்கள் ஊரில் பல அம்மாமார் அந்த வாசலில் காத்து நின்றுதான் இந்தச் சொல்லை அறிந்தார்கள். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் ‘ஜென்டில்மன்ஸ் மகசின்’ தொடங்கியபோதுதான் அது இதழுக்கான பெயரானது. பல இடத்து எழுத்தையும் கொண்டுவந்து சேர்த்த களஞ்சியம் என்று பொருள். மக்ஸனின் அரபு வேரிலிருந்து இன்னொரு சொல்லும் கிளம்பி, பாரசீகம் வழியாக நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. அதுதான் கஜானா. ஆக, ஸீன் தமிழுக்கு முழு அந்நியம் இல்லை, கஜானாவின் தூரத்துச் சொந்தம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

சஞ்சிகை ஈழத்தில் நன்றாக வேரூன்றிய சொல். ஆனால் அது தொடராக வருவதைக் குறிக்கும், ஸீனோ ஒன்றோடு நின்றுவிடலாம். துண்டுப்பிரசுரம் என்றால் எங்கள் காதில் தேர்தலும் ஊர்வலமும் கேட்கும். கையேடு எப்போதோ வழிகாட்டி நூலுக்குப் போய்விட்டது. சிற்றிதழ் பொருந்தும் என்று பலர் சொல்கிறார்கள், நான் உடன்படவில்லை. சிற்றிதழுக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1943இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மறுமலர்ச்சிச் சங்கத்தார் 1946இல் ‘மறுமலர்ச்சி’யைக் கொண்டுவந்தார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கித் தன் கையாலேயே கொண்டு திரிந்து விற்றார். ஆசிரியரும் அச்சகமும் சந்தாவும் இருந்து, இதழுக்கு இதழ் வளர்ந்த விவாதமும் இருந்த முயற்சிகள் அவை. பதினாறு வயதுப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கும் எட்டுப் பக்கத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் இரண்டுக்கும் நியாயமாகாது.

மிகக் கிட்ட வருவது கையெழுத்துப் பத்திரிகை. பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் நடந்த வேலை அது. கொப்பித் தாளில் முத்து முத்தாக எழுதி, ஓரத்தில் பூ வரைந்து, தைத்து வைப்பார்கள். ஒரே பிரதிதான், அது கைகைகளாகப் போய் மூலை மடங்கித் திரும்பி வரும். 1990களின் பொருளாதாரத் தடை நாட்களில் இங்கே பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சானதுண்டு. இருந்ததை வைத்துச் செய்யும் கை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஸீனில் கையெழுத்து இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. தட்டச்சு இருக்கலாம், வெறும் ஒட்டுப்படமாகவும் இருக்கலாம். அதனால் எழுத்தை எடுத்துவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: கையிதழ்.

இதழ் என்ற சொல் ஏன் பொருந்துகிறது என்பது மடிக்கும்போது தெரியும். ஓர் ஏ4 தாளைக் கிடையாக வைத்து, நீளவாட்டில் ஒரு மடிப்பும் குறுக்கே மூன்று மடிப்பும் போட்டால் எட்டுப் பெட்டி. தாளைக் குறுக்கே இரண்டாக மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டில் ஒரு பெட்டி அகலத்துக்கு மட்டும் வெட்ட வேண்டும். விரித்தால் தாளின் நடுவில் ஒரு வாய் தெரியும். இனி நீளவாட்டில் மடித்து இரு முனைகளையும் உள்ளே தள்ளுங்கள். வாய் பிளந்து, மேலிருந்து பார்க்க வெட்சிப்பூ மாதிரி நான்கு இதழாக நிற்கும். அதைச் சுற்றி மடித்து அழுத்தினால் ஏறக்குறைய ஏழரைச் சென்ரிமீற்றர் அகலத்தில், பத்தரைச் சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு குட்டிப் புத்தகம். கம்பியும் வேண்டாம், பசையும் வேண்டாம். மேல் வரிசை தலைகீழாக இருக்க வேண்டிய காரணமும் இதுதான்.

அப்புறம், இதைக் கொடுத்து வாங்குவதற்கும் ஒரு சொல் வேண்டும். பழைய ஃபேன்ஸின்களில் விலைக்குப் பதிலாக ‘வழமைபோல்’ என்று பொருள்படப் போட்டிருப்பார்கள். உன்னுடைய இதழை மாற்றாக அனுப்பு, இல்லையென்றால் வாசித்துக் கடிதம் எழுது, இல்லையென்றால் ஆக்கம் ஒன்று தா என்று அர்த்தம். பண்டமாற்று என்று சொல்லலாம், ஆனால் அதில் தராசு இருக்கிறது, இத்தனை கொத்துக்கு இத்தனை என்ற கணக்கு இருக்கிறது. எனக்குக் கைமாற்று என்பதே பிடிக்கிறது. “ஒரு ஆயிரம் ரூபா கைமாத்தாத் தாங்கோ” என்று பக்கத்து வீட்டில் கேட்டால் வட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை, வசதி வரும்போது திரும்பி வரும். கையிதழும் அப்படித்தான் போகிறது. இன்று என்னுடையதை நீங்கள் கொண்டுபோகிறீர்கள், உங்களுடையது வைகாசியில் முடிந்தால் வைகாசியில் வரும். ஒருவர் மூன்று இரவு இருந்து வரைந்ததற்கு மற்றவர் அரை மணித்தியாலத்தில் எழுதிய எட்டு வரி வரலாம். யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

அந்த 20 பிரதியில் ஒன்றைப் போட்டோக்கொப்பிக் கடை அண்ணையிடமே கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துப் போனபோது ஒரு மடித்த தாளை எடுத்துத் தந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் செய்தது, எட்டுப் பக்கமும் பூனை. வெட்டு கொஞ்சம் கோணல். அட்டையில் பெயர் எழுதும் இடத்தை விட்டுவைத்திருந்தாள். “இதுக்குத் தமிழில என்ன எழுதுறது எண்டு கேக்கச் சொன்னவள்” என்றார்.

பென்சிலை வாங்கி, கையிதழ் என்று எழுதிக் கொடுத்தேன்.