ஊடுருவலா, ஆக்கிரமிப்பா?

‘மிசிசிப்பியில் ஊடுருவிய கெண்டை மீன்கள்.’ இந்தத் தலைப்பை எத்தனை தடவைதான் படிப்பது? போன வாரம் ஒரு பாடக்குறிப்பிலும் ‘ஊடுருவும் மீனினம்’ என்று பார்த்தேன். பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்வார்கள்.

இப்படி மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலத்து ‘இன்வேசிவ்’ லத்தீனின் ‘இன்வாடெரே’யிலிருந்து வந்தது. உள்ளே போவது என்பது அதன் வேர்ப்பொருள். உயிரியலில் அது வெளியிலிருந்து வந்து, பெருகி, அங்கிருப்பதை ஒடுக்கும் உயிரைக் குறிக்கிறது.

சரி, ஊடுருவுவது என்றால் என்ன? ஊசி துணியை ஊடுருவும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது அது. இன்றைய வழக்கில், கள்ளத்தனமாக எல்லை தாண்டுவது. இந்த மீன்கள் இரண்டையுமே செய்யவில்லை. புல் கெண்டையை 1963இல் அமெரிக்க அரசுத் துறையே வரவழைத்தது, நீர்ச்செடிகளைத் தின்று தீர்க்கட்டும் என்று. 1970களில் ஆர்கன்சா மாநில மீன் பண்ணைகளுக்கு வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் வந்தன. அங்கிருந்து தப்பி ஆற்றில் சேர்ந்தன. காசு கொடுத்துக் கொண்டுவந்த மனிதனை விட்டுவிட்டு மீனைக் கள்ளனாக்குகிறது ‘ஊடுருவும்’ என்ற சொல். ‘படையெடுக்கும்’ என்பது இன்னும் மோசம்.

பதிலுக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்று சொன்னால் உடனே வடசொல் என்று தள்ளுகிறார்கள். வடசொல்தான். ஆனால் ஏரிப் புறம்போக்கில் சுவர் எழுப்பினால் ஊரே அதை ஆக்கிரமிப்பு என்கிறது. வந்து உட்கார்ந்து, உரியவனுக்கு இடமில்லாமல் செய்வது என்று பாட்டிக்கும் புரிகிறது. மிசிசிப்பியில் கலக்கும் இல்லினாய் ஆற்றில் நடப்பது அதேதான். மோட்டார் படகுச் சத்தம் கேட்டதும் வெள்ளிக் கெண்டைகள் கூட்டமாக எகிறிப் படகுக்குள்ளேயே விழுகின்றன, அடிபட்டவர்கள் உண்டு. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை அவை வடிகட்டித் தின்றுவிடுகின்றன. அந்த ஆற்றுத் துடுப்புமூக்கு மீனுக்கும் அதுதான் இரை. அந்த ஆற்றுக்கே உரிய மற்ற மீன்களின் குஞ்சுகளும் முதலில் தின்பது அதைத்தான். தூய்மை பார்த்துத் தப்பான தமிழ்ச்சொல்லைப் போடுவதைவிட, சரியான பொருள் தரும் வடசொல்லே மேல்.

‘களைமீன்’ என்று சொல்லலாமே என்றார் நண்பர் ஒருவர். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சொல் நம்மூர் மீன் பண்ணைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. வளர்ப்புக் குஞ்சு விடுமுன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டுக் கொல்கிறார்களே, அந்தச் சின்ன நாட்டு மீன்களுக்குத்தான் களைமீன் என்று பெயர். அவற்றில் நம் கெண்டையும் ஒன்று. குளத்துக்குச் சொந்தக்காரனுக்குக் களை என்று பெயர் வைத்திருப்பது எனக்கு வலிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

எழுதுவதானால் ‘ஆக்கிரமிப்பு அயல்மீன்’ என்று எழுதுங்கள். அப்புறம், வெறும் ‘கெண்டை’ வேண்டாம். வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை என்று முழுப்பெயர் போடுங்கள். கண்மாய் வற்றும்போது விரல் நீளத்தில், வாலடியில் கரும்புள்ளியோடு கூடையில் துள்ளுமே, அந்தக் கெண்டை மிசிசிப்பிக்குப் போகவே இல்லை.