எண்டோமைக்ராஸ்கோப்பி: அகநுண்ணோக்கல்

பிரித்தால் மூன்று கிரேக்கத் துண்டுகள். எண்டோன் என்றால் உள்ளே, மிக்ரோஸ் என்றால் சிறியது, ஸ்கொபெயின் என்றால் உற்றுப் பார்ப்பது. பின்னிரண்டும் சேர்ந்த மைக்ராஸ்கோப் பழைய சொல். கலிலியோ செய்த கருவிக்கு 1625-இல் ஜொவான்னி ஃபாபர் இட்ட பெயர். எண்டோ அதன் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது மிகப் பிந்தி. பெருங்குடலுக்குள் விடும் எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே லேசர் நுண்ணோக்கியைப் பொருத்திப் பார்த்ததை ஜெர்மனியின் மைன்ஸ் நகர மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்டார்கள்.

சாதாரண எண்டோஸ்கோப்பியில் குடலின் உட்சுவர் செந்நிறச் சுவராகத் தெரியும், அவ்வளவுதான். இதில் ஏறத்தாழ 1000 மடங்கு பெரிதாகி, செல் செல்லாகத் தெரியும். அதற்காக ஃப்ளோரசீன் என்ற சாயத்தை இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். நீல லேசர் பட்டதும் அது பச்சையாக ஒளிரும். (நோயாளியின் தோல் சில மணி நேரமும் சிறுநீர் ஓரிரு நாளும் மஞ்சளாகும், காமாலை என்று பயப்பட வேண்டாம்.) சீதம் என்ற வழவழப்பான கோழையைச் சுரக்கும் கோப்பைச் செல்கள் கருமையாக நிற்கும். செல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தால் சாயம் அதன் வழியே குடலுக்குள் கசிவது கண்ணெதிரே தெரியும். சாயம் வெளியே வரும் ஓட்டையில் பாக்டீரியா உள்ளே போகலாம் அல்லவா? குடல் அழற்சி நோயாளிகளின் சுவருக்குள்ளேயே பாக்டீரியாக்கள் புகுந்திருப்பதை இந்த முறையில் காண முடிந்தது என்று 2011-இல் ஓர் ஆய்வு வந்தது.

குடல் கிருமிக்கும் நுண்ணோக்கிக்கும் உறவு புதிதல்ல. தமக்கு வயிறு போனபோது தம் மலத்தையே கண்ணாடியில் வைத்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி 1681-இல் கடிதம் எழுதியவர் லேவன்ஹூக், தாமே நுண்ணோக்கி செய்து பார்த்த டச்சுக்காரர். ஆனால் மலத்தைப் பார்த்தால் குடலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியும். எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியாது. நோய்க்கு அந்த ‘எங்கே’ முக்கியம். பெருங்குடலின் மேல் சீதம் இரண்டு அடுக்காகப் படிந்திருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியா கூட்டம், உள்ளடுக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. எலிகளிடம் இதைக் காட்டியவர்கள் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள், 2008-இல். அதுவரை பலர் கண்ணில் இது படாததற்கு ஒரு காரணம், சதைத்துண்டை வெட்டி, அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் போட்டால் சீதம் சுருங்கிச் சிதைந்துவிடுவது. அதைக் காக்க நீரே இல்லாத கார்னாய்க் கரைசல் வேண்டியிருந்தது.

ஆகவே ‘உள்ளே’ என்ற பகுதி இந்தச் சொல்லுக்கு உயிர். வெட்டி எடுக்காமல், இரத்தம் ஓடும் உடம்புக்குள்ளேயே பார்ப்பது என்ற பொருள் அதில்தான் இருக்கிறது. வெறும் ‘குடல் நுண்ணோக்கல்’ என்றால் அது போய்விடும்.

உள்நோக்கல் என்று சொல்லலாமே என்பார்கள். உள்நோக்கம் நமக்கு வேறு பொருள் தரும். மருத்துவருக்கு உள்நோக்கம் இருக்கிறது என்று எழுதினால் வழக்குதான் வரும். அகநோக்கு என்பதையும் உளவியல் பாடநூல்கள் தன் மனத்தைத் தானே ஆராய்வதற்கு எடுத்துக்கொண்டுவிட்டன. நடுவில் ‘நுண்’ வந்ததும் இந்தக் குழப்பம் தீர்கிறது: அகநுண்ணோக்கல். கருவி அகநுண்ணோக்கி. இலங்கையில் மைக்ராஸ்கோப் நுணுக்குக்காட்டி என்பதால் அங்கே அகநுணுக்குக்காட்டி என்று வரும். நாம் கருவியே நோக்குவதாகச் சொல்கிறோம், அவர்கள் அது நமக்குக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். உண்மையில் காட்டி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் இங்கே பள்ளியிலேயே நுண்ணோக்கி படிந்துவிட்டதால் அதன்மேல் கட்டுவதுதான் எளிது.

உறுப்பின் உட்புறத்தை மூடும் ஈரச் சவ்வான மியூகோசாவுக்குச் சளிச்சவ்வு, கோழைப்படலம் இரண்டும் புழங்குகின்றன. குடலைப் பேசும்போது நான் சீதச்சவ்வு என்றே எழுதுவேன். சளி என்றதும் மூக்கு நினைவுக்கு வருகிறது. சீதபேதி என்ற சொல்லோ சீதத்தை ஏற்கெனவே குடலில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.