உறவுத்திறன் பயிற்சி: ‘சிகிச்சை’ என்ற ஒட்டு எதற்கு?

கணவன் மனைவிக்கு உறவுக்கான திறன்களைக் கற்றுக்கொடுக்கும் முறையை ‘உறவுத் திறமைச் சிகிச்சை’ என்று மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

முதலில் ‘திறமை’. ஆங்கில ‘ஸ்கில்’ என்பதற்கு இதைப் போடுகிறார்கள். நமக்குத் ‘திறன்’ இருக்கிறது. திறமைசாலி என்றால் இயல்பிலேயே கெட்டிக்காரர் என்ற தொனி வந்துவிடும்; திறன் பழகப் பழக வருவது. ‘திறனறிந்து சொல்லுக சொல்லை’ என்ற குறளுக்கு (644), கேட்பவர் தன்மையும் அறிந்து பேசு என்றே உரை சொல்கிறார்கள். இந்தப் பயிற்சியின் பாதிப் பாடம் அதுதான்.

பெரிய தவறு ‘சிகிச்சை’. அந்தச் சொல் வந்ததுமே நோயும் நோயாளியும் கூடவே வந்துவிடுகிறார்கள். ‘எங்களுக்கு என்ன வியாதியா?’ என்று கணவர் எழுந்து போய்விடுவார். இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் கெர்னி இந்த எண்ணத்தை மாற்றத்தான் பாடுபட்டார். 1964இல் அவர் விளக்கிய முறையில், பிள்ளையோடு விளையாடியே அதன் மனதைப் புரிந்துகொள்ளப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1977இல் வந்த அவருடைய நூல் தம்பதிகளுக்கும் குடும்பங்களுக்கும் அதே வழியைக் காட்டியது. கோளாறைத் தேடுவதை விட்டு, தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது அவர் வழி.

பாடம் எப்படி நடக்கும்? ‘நீங்க எப்பவும் போன்லயே இருக்கீங்க’ என்று குற்றம் சாட்டும் மனைவி, ‘நான் பேசும்போது நீங்க போனைப் பார்த்தா, என் பேச்சுக்கு மதிப்பில்லையோன்னு வருத்தமா இருக்கு’ என்று சொல்லப் பழகுகிறார். கணவர் உடனே பதில் சொல்லக் கூடாது. மனைவியின் மனதில் இருப்பதைத் தான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் பக்கம். இதில் சிகிச்சை எங்கே இருக்கிறது?

ஆங்கில மூலத்திலேயே ‘தெரபி’ என்றுதானே இருக்கிறது என்பார்கள். அதன் கிரேக்க மூலத்துக்குப் பணிவிடை, பேணுதல் என்ற பொருளும் உண்டு. இன்றைய தமிழில் ‘சிகிச்சை’ அவ்வளவு விரியாது. வடசொல் என்பதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. தீவிர மன அழுத்தத்துக்குச் சிகிச்சை என்றே சொல்லுங்கள். இதற்கு ‘உறவுத்திறன் பயிற்சி’ போதும்.

இதே மொழிபெயர்ப்புகளில் ‘எம்பதி’, அதாவது அடுத்தவர் உணர்வை அவர் நிலையில் நின்று உணர்வது, ‘அனுதாபம்’ ஆகிவிடுகிறது. அனுதாபம் இரக்கப்படுவது. மனைவிக்கு வேண்டியது இரக்கமா? ‘ஒத்துணர்வு’ என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறதே. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதை நிறுத்துங்கள்.